கோழிக்குச் சீழ் வடியாது

ஆட்டுக்கோ நமக்கோ ஒரு புண் பழுத்தால் சீழ் வடியும். கோழியின் காலடி வீக்கத்தை எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் வராது. ‘இன்னும் பழுக்கவில்லை, நாலு நாள் போகட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். அது எப்போதோ பழுத்து, உள்ளே கட்டியாக இறுகியிருக்கும்.

கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை வெள்ளை அணுக்கள். நம் உடலில் அந்த வேலைக்கு வருவது நியூட்ரோபில். அதனிடம் மைலோபெராக்சிடேஸ் முதலான நொதியங்கள் இருக்கின்றன. செத்த கிருமி, செத்த இழையம் எல்லாவற்றையும் அவை கரைத்துக் கூழாக்கிவிடும். அதுதான் நாம் காணும் சீழ். கோழியில் அதே வேலையைச் செய்வது ஹெட்டரோபில். கிருமியைக் கொல்வதில் அது குறைந்ததல்ல. ஆனால் அதனிடம் மைலோபெராக்சிடேஸ் இல்லை, கரைக்கும் வேலை சரிவர நடக்காது. அதனால் மிச்சமெல்லாம் வற்றி, அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி உதிரும் கட்டியாகிவிடுகிறது. உடல் அதைச் சுற்றித் தடித்த சுவர் ஒன்றையும் கட்டும். சுவருக்குள் இரத்தம் போகாது, இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. பார்மசியில் வாங்கிய குளிசையைக் கரைத்துப் பருக்கியும் வீக்கம் வற்றாததன் காரணம் இதுதான்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் இந்தக் கால் வீக்கத்துக்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. பனங்கருக்குக் கீறும், வேலிக் கிளுவையின் முள் ஏறும், இரவு மரத்தில் தூங்கிய கோழி விடியற்காலையில் சுண்ணக்கல் தரையில் தொப்பென்று குதிக்கும். தோலில் சும்மா குடியிருக்கும் ஸ்டாபிலோகொக்கஸ் கிருமிக்கு அந்தச் சின்னக் கீறல் போதும். நொண்டும் கோழியைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கு ஒன்று ஒட்டியிருந்தால் இதுதான். தொட்டால் மெத்தென்று, கொஞ்சம் சூடாக இருந்தால் ஆரம்பம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, சுத்தமான துணி சுற்றி, உமி தடிப்பாகப் போட்ட இடத்தில் விட்டால் பல கோழிகள் தேறிவிடும். கல்லாக இறுகிவிட்டதென்றால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். அதற்குக் கால்நடை வைத்தியரிடம் போங்கள். அந்தச் சின்னப் பாதத்துக்குள் தசைநாண்கள் நெருக்கி ஓடுகின்றன, வீட்டு பிளேட்டுக்கு அது இடமில்லை.

நாயோ கீரியோ கடித்த கோழி வேறு கதை. பதற்றத்தில் அதை நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்போம், அங்கேதான் பிசகுகிறது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து மூச்சை இழுக்கும் தசைத்தட்டு, இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். மார்பை இறுக்கினால் கடிக்குத் தப்பியது மூச்சுமுட்டிச் செத்துவிடும். இறக்கைகளை மட்டும் அணைத்துப் பிடியுங்கள், மார்பு அசையட்டும்.

புண்ணில் உடனே மஞ்சள் தூளை அப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். இரத்தத்தோடு சேர்ந்து அது பொருக்காகிவிடும், நாயின் வாயிலிருந்த கிருமி அடியில் பத்திரமாக இருக்கும். முதலில் கழுவவேண்டும். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. உடலின் உப்பளவும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எரியாது. அப்புறம் தனியே கரப்பின் கீழ் விடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தாமல் விடாது. இலையானும் மொய்க்கக்கூடாது. ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும்.

அம்மைக்கும் நியூகாசில் நோய்க்கும் மருந்து இல்லை. இரண்டும் வைரஸ், அன்ரிபயோட்டிக் அவற்றை ஒன்றும் செய்யாது. மாரியில் நுளம்பு பெருகும்போது அம்மையும் பரவும். கொண்டையில் வரும் பொருக்கைப் பிய்க்காதீர்கள். உதிர்ந்த பொருக்கிலும் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொண்டைக்குள் வராத அம்மை மூன்று நாலு கிழமையில் தானாக ஆறும். நியூகாசில் அப்படி விடாது, கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து கூட்டையே காலி செய்துவிடும். அதற்குத் தடுப்பு மருந்துதான் வழி, கண்ணில் ஒரு சொட்டு.

மாரியின் இன்னொரு வரவு குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் நுண்ணிய உறைகள் எச்சத்தோடு விழும். விழுந்தவுடன் அவை தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும், குஞ்சு கிளறிக் கொத்தும்போது உள்ளே போகும். இதற்குக் கொடுக்கும் அம்ப்ரோலியம் பார்வைக்குத் தயமின், அதாவது விற்றமின் பி1 மாதிரியே இருக்கும். ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு, உண்மையான தயமின் கிடைக்காமல் சாகும். இது தெரியாமல், ‘குஞ்சு சோர்ந்துபோச்சு’ என்று பலர் அதே தண்ணீரில் பி விற்றமின் சிரப்பையும் ஊற்றிவிடுகிறார்கள். அப்போது ஒட்டுண்ணிக்குத் தயமின் தாராளமாகக் கிடைத்துவிடும், மருந்து வீண். மருந்து கொடுக்கும் நாட்களில் சிரப்பை நிறுத்துங்கள், ஈர உமியை அள்ளிக் கோழி கிளறாத இடத்தில் புதைத்துவிட்டுப் புது உமி பரப்புங்கள். பி விற்றமினை மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம்.