அப்யூஸ் மெயிலும் 24 மணி நேரமும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துகொண்டிருந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு தம்பிக்கு, அவருடைய சர்வரிலிருந்து தாக்குதல் நடக்கிறது என்று ஜெர்மனியிலிருந்து புகார் மெயில் (அப்யூஸ் மெயில்) ஒன்று வந்தது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். போனுக்கு சார்ஜ் கிடைத்து அவர் பார்ப்பதற்குள் சர்வரை வாடகைக்குத் தந்த ஹோஸ்டிங் கம்பெனி அதை நிறுத்தியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லாஸ்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே."

உண்மைதான். இணையத்தில் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை மறைக்கும் டார் வலையமைப்புக்கு அவர் எக்ஸிட் ரிலே, அதாவது டிராஃபிக் வெளியேறும் கடைசி சர்வர், ஓட்டுகிறார். டாரில் போகும் டிராஃபிக் பொதுவாக மூன்று ரிலேக்களை (கைமாற்றிவிடும் சர்வர்கள்) தாண்டித்தான் வெளியே வரும். எதிர்முனையில் பதிவாவது கடைசி ரிலேயின் ஐபி மட்டும். எவனோ எங்கேயோ பாஸ்வேர்டுகளை அடித்துப் பார்த்தால் குட்டு இவர் தலையில்.

மெயிலில் பத்து வரி லாக் (சர்வர் பதிவு). ஒரே ஐபி, ஒரே வேர்ட்பிரஸ் லாகின் பக்கம், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விநாடி இடைவெளி. கடைசியில், 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும் என்று ஒரு வரி. இதை எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதவில்லை. தவறான லாகின் முயற்சிகளைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஃபெயில்2பேன் மாதிரி ஒரு மென்பொருள் தானாக அனுப்பியது. ஆனால் படிப்பவர் மனிதர். அப்யூஸ் பிரிவில் இருக்கும் அவருக்கு டிக்கெட்டை மூட ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான்: அவருக்குத் தனியுரிமை பற்றி நாலு பக்கம் பிரசங்கம் அனுப்புவார்கள். தம்பியும் ஒன்று எழுதி வைத்திருந்தார். அழிக்கச் சொன்னேன்.

அனுப்பியது ஏழே வரி. இது டார் எக்ஸிட் ரிலே. தாக்குதல் இந்த சர்வரில் தொடங்கவில்லை. யார் என்று சொல்ல எங்களிடம் பதிவு இல்லை. அந்தத் தேதியில் இந்த ஐபி ரிலேயாக இருந்ததா என்பதை டார் புராஜெக்டின் எக்ஸோனரேட்டர் தளத்தில் யாரும் பார்க்கலாம். புகார் தந்தவரின் ஐபிக்கு எக்ஸிட் பாலிசியில் (எங்கே போகலாம், கூடாது என்ற விதிகள்) ரிஜெக்ட் போட்டாயிற்று. எல்லா எக்ஸிட்டையும் தடுக்க வேண்டுமானால் பட்டியல் பொதுவில் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் புயல். மறுநாள் சர்வர் திரும்பி வந்தது.

இதில் பாதி வேலை முன்பே செய்திருக்க வேண்டியது. சர்வர் எடுக்கும் முன் டிக்கெட் போட்டு, எக்ஸிட் ரிலே ஓட்டலாமா என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரிலேயே (ஐபியைத் தேடினால் வரும் பெயர்) 'டார் எக்ஸிட்' என்று தெரியட்டும். ஸ்பேமுக்குப் பயன்படும் போர்ட் 25 இயல்பிலேயே மூடித்தான் இருக்கும். ரிமோட் லாகினுக்கான 22ஐயும் மூடிவிட்டு, வெப் பக்கங்களுக்கான 80, 443 மட்டும் திறந்தால் புகார் வெகுவாகக் குறையும். வீட்டு இணைப்பில் எக்ஸிட் ஓட்டவே வேண்டாம். போலீஸ் நோட்டீஸ் வந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் வக்கீலைப் பாருங்கள். இந்தியாவில் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்தால், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி உங்கள் பெயரும் முகவரியும், கணக்கை மூடிய பிறகும் குறைந்தது 5 ஆண்டு நிறுவனத்திடம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிராஃபிக்கை வெளியே விடாமல் நடுவில் மட்டும் நிற்கும் மிடில் ரிலேக்குப் புகாரே வராது என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். 2024 அக்டோபரில் அது பொய்த்தது. யாரோ ரிலேக்களின் ஐபியைப் போலியாக அனுப்புநர் இடத்தில் போட்டு, ஊரெல்லாம் போர்ட் 22ஐத் தட்டினார்கள். எக்ஸிட் அல்லாத ரிலேக்களுக்கும் புகார் குவிந்தது. இணையப் பாதுகாப்பு அமைப்புகளான இன்டர்செக்லேப், கிரேநாய்ஸ் உதவியோடு டார் தரப்பினர் மூலத்தைக் கண்டுபிடித்து நவம்பர் 7 அன்று முடக்கினார்கள். இப்படிப்பட்ட புகாரில் இணைப்பைத் தொடங்கக் கேட்கும் வெறும் 'சின்' பாக்கெட்தான் இருக்கும், இணைப்பு முழுமையாகியிருக்காது. பதிலில் அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

தம்பியின் அப்யூஸ் மெயில் இப்போது எனக்கும் ஒரு காப்பி வருகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சேர்ந்தே கரண்ட் போனால்? பெங்களூரில் இருக்கும் அவர் அக்காவுக்கு மூன்றாவது காப்பி. அந்த ஏழு வரியும் அக்காவிடம் இருக்கிறது. தேதியை மட்டும் மாற்ற வேண்டும்.