எத்தனால் போட்டா டர்போ இன்ஜின்ல ஸ்பார்க் ஏன் முந்திக்குது?

சேலம் அஸ்தம்பட்டில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, என்னோடது டர்போ பெட்ரோல் கார், ட்யூனிங் பண்ற ஒருத்தர் எத்தனால் ஜாஸ்தியா கலந்தா டைமிங்கை நல்லா அட்வான்ஸ் பண்ணலாம் (அதாவது ஸ்பார்க்கை இன்னும் சீக்கிரமா குடுக்கலாம்), ஏற்காடு ரோட்டுல பறக்கும்ங்கறாரு, எத்தனால் மெதுவா எரியும்ங்கறதால தானே சீக்கிரமே பத்த வெக்கணும்?"

ட்யூனர் சொன்னது சரி, தம்பி சொன்ன காரணம் தான் தலைகீழ். எத்தனால் பெட்ரோலை விட கொஞ்சம் வேகமாவே எரியும். அப்படின்னா ஸ்பார்க்கை லேட்டா தானே குடுக்கணும், ஆனா டர்போல எல்லாரும் சீக்கிரமா குடுக்கறாங்க. ஏன்?

நாலு ஸ்ட்ரோக் கதை ஸ்கூல்லயே படிச்சாச்சு, அதை விடுங்க. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் அடிக்கணும், ஏன்னா எரிய நேரம் வேணும். 3000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 3000 சுத்து) பிஸ்டன் சுத்தி விடற தண்டான கிராங்க் 1 டிகிரி திரும்ப 55 மைக்ரோசெகண்ட் தான் ஆகுது, அதனால டைமிங்கை டிகிரில தான் பேசுவாங்க. பாதி எரிபொருள் எரிஞ்சு முடியறப்ப பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு 8 டிகிரி இறங்கியிருந்தா முழு இழுவையும் கிடைக்கும், ஏறக்குறைய எல்லா பெட்ரோல் இன்ஜினுக்கும் இதே கணக்கு தான்.

இப்ப பிரச்சினை என்னன்னா, டர்போ இன்ஜின் முழு லோடுல அந்த பெஸ்ட் டைமிங் பக்கமே போக முடியாது. டர்போ வெச்சு காத்தை நசுக்கி உள்ள தள்ளுறோம், நசுக்குனா சூடாகும், இன்டர்கூலர்ங்கற ரேடியேட்டர் கொஞ்சம் தணிக்கும், மிச்ச சூடு அப்படியே சிலிண்டருக்குள்ள. ஸ்பார்க் அடிச்சு தீ பரவிட்டு இருக்கறப்ப, இன்னும் தீ போய் சேராத மூலையில இருக்கற கலவை அழுத்தமும் சூடும் தாங்காம தானாவே ஒரே அடியா பத்திக்கும். அது தான் நாக்கிங். சிலிண்டருக்குள்ள வாயு மணி மாதிரி அதிரும், சிலிண்டர் உள்விட்டம் 80 மில்லிமீட்டர் இருந்தா நொடிக்கு கிட்டத்தட்ட 7000 தடவை, அந்த டிக் டிக் சத்தத்தை தான் நம்ம காது கேக்குது. இன்ஜின் ப்ளாக்ல போல்ட் போட்டு இறுக்கியிருக்கற நாக் சென்சாரும் அதே அதிர்வை தான் தேடுது, கேட்ட உடனே ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் டைமிங்கை பின்னாடி இழுத்துடும். இழுத்தா பாதி எரியற நேரம் 8 டிகிரிலருந்து தள்ளித் தள்ளி 20, 25னு போகும், இழுவை போச்சு, இழுவையா மாறாம மிச்சமான சூடு சைலன்சர் பக்கம் போய் டர்போவை வறுக்கும்.

செவ்வாய்பேட்டை பக்கம் பழைய அம்பாசிடர் மெக்கானிக்குங்க இதை காதாலயே பண்ணுவாங்க. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை லூஸ் பண்ணி கையால ஒரு நூல் அளவு திருப்பி, வண்டியை ஏத்தத்துல டாப் கியர்லயே விட்டு மிதிச்சு, லேசா டிக்குனு ஒரு சத்தம் வந்து அடங்குனா அது தான் கரெக்ட் பாயிண்ட், அடங்கலைன்னா எறங்கி ஒரு நூல் திரும்ப பின்னாடி. சென்சாரும் கம்ப்யூட்டரும் பண்றது இதே வேலை தான், என்ன, அது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் பண்ணுது.

எத்தனாலோட ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கற அளவு) 108 கிட்ட இருக்கு, நம்ம பழைய சாதா பெட்ரோலுக்கு 91. எல்லாரும் இதோட நிறுத்திக்கறாங்க. எனக்கு இதுக்கு அடுத்தது தான் ருசி.

ஊசி போடறதுக்கு முன்னாடி நர்ஸ் கையில ஸ்பிரிட் தடவுனா ஜில்லுனு இருக்குமே, அதே சங்கதி தான். திரவம் ஆவியாக சூடு வேணும், அதை பக்கத்துல இருக்கறதுகிட்ட இருந்து புடுங்கிக்கும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக சுமார் 350 கிலோஜூல், எத்தனாலுக்கு 900. ரெண்டரை மடங்கு தானேன்னு நினைக்காதீங்க. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும், ஏன்னா அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு. அதாவது அதே காத்துக்கு எத்தனாலை ஜாஸ்தி ஊத்தணும். ஒரு கிலோ காத்துக்கு கணக்கு போட்டா பெட்ரோல் புடுங்கறது 24 கிலோஜூல், எத்தனால் புடுங்கறது 100. கிட்டத்தட்ட நாலு மடங்கு! அவ்வளவும் காத்துலருந்தே போனா காத்தோட சூடு 100 டிகிரி குறையணும், நெஜத்துல அவ்வளவு குறையாது, போர்ட்டுல (சிலிண்டருக்கு காத்து போற வழில) தெளிக்கற இன்ஜின்ல அந்த சூட்டுல ஒரு பங்கு போர்ட் சுவத்துலருந்து வந்துடும். சிலிண்டருக்குள்ளயே நேரா தெளிக்கற டைரக்ட் இன்ஜெக்ஷன்ல தான் முழு லாபம்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. நசுக்கறதுக்கு முன்னாடி காத்து 20 டிகிரி ஆறியிருந்தா, பிஸ்டன் பத்துல ஒண்ணா நசுக்கி முடிக்கறப்ப அந்த வித்தியாசம் 40க்கு மேல பெருகியிருக்கும். மூலையில இருக்கற கலவைக்கு அந்த 40 டிகிரி தான் உயிர். நாக்கிங் எல்லை தள்ளிப் போகுது, பின்னாடி இழுத்து வெச்சிருந்த டைமிங்கை முன்னாடி விட்டுடலாம். ஸ்பார்க்கை முன்னாடி தள்ளுறோம்ங்கறது கூட தப்பு, போக வேண்டிய இடத்துக்கு இப்ப தான் போக விடறோம்.

2005ல சாப் 9-5 பயோபவர்னு ஒரு டர்போ கார் வந்துச்சு. பெட்ரோல்ல 150 குதிரைத்திறன், 85 சதவீத எத்தனால்ல அதே இன்ஜின் 180.

ட்யூனர் தம்பிங்க ஏமாற இடம் ஒண்ணு இருக்கு. பெட்ரோல்ல டைமிங்கை ஓவரா வெச்சா நாக்கிங் சத்தம் போட்டு எச்சரிக்கும். எத்தனால் ஜாஸ்தியா இருந்தா பெஸ்ட் டைமிங்கைத் தாண்டிப் போனாலும் சத்தமே வராது, இழுவையும் ஏறாது, ஆனா பிஸ்டன் மேல வர்றப்பவே அழுத்தம் அதை எதுத்து மிதிக்கும், கனெக்டிங் ராடும் ஹெட் கேஸ்கெட்டும் அடி வாங்கும். அதனால வண்டியை டைனோல (இழுவையை அளக்கற மெஷின்) ஏத்தி ரெண்டு ரெண்டு டிகிரியா கூட்டி, டார்க் (இழுவை) ஏறாம நின்ன இடத்துல நிறுத்தி ஒரு ரெண்டு டிகிரி பின்னாடி வரணும். காது இங்க உதவாது. இன்ஜெக்டரும் பம்ப்பும் அந்த கூடுதல் எரிபொருளை குடுக்குமான்னு முதல்லயே பாக்கணும், குடுக்கலைன்னா கலவைல எரிபொருள் பத்தாம லீன் ஆகி பிஸ்டனே ஓட்டை விழும்.

நம்ம பங்குல இப்ப வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதோட கணக்கு அடக்கமானது. ஆக்டேன் 95, குளிர்ச்சி பெட்ரோலை விட சுமார் ஒண்ணரை மடங்கு, லிட்டருக்கு சக்தி 6, 7 சதவீதம் கம்மி, மைலேஜ் குறையறது அதனால தான். ஏற்காடு ரோட்டுல அந்த 20 கொண்டை ஊசி வளைவுல வெளிய வர்றப்ப ஆர்பிஎம் 1500, கால் முழுசா மிதி, வண்டி வேகமே இல்லாததால இன்டர்கூலருக்கு காத்து படாது, மேல போகப் போக காத்து மெலிசாகி டர்போ இன்னும் வேகமா சுத்தி நசுக்கணும். நாக்கிங் வர இதை விட தோதான இடம் வேணுமா? இ20 உதவுறதுன்னா அங்க தான், அதுவும் ஈசியூல டைமிங்கை கூட்ட இடம் விட்டிருந்தா மட்டும். விடலைன்னா ஆக்டேன் ஏறினதுக்கு பலனே இல்ல. இதுக்கு நடுவுல டேங்க்ல அந்துருண்டை போட்டா பிக்கப் வரும்னு இன்னும் ஒரு கூட்டம் திரியுது. ஆயுத பூஜைக்கு சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சா பழம் மட்டும் தான் நசுங்கும், அந்துருண்டை ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பழி வாங்கும்.

ஆல்கஹால் நாக்கிங்கை அடக்கும்னு 1920கள்லயே தெரியும். தெரிஞ்சும் ஈயத்தை கலந்தாங்க, காப்புரிமை லாபம் அதுல இருந்துச்சு, நாம 2000 வரைக்கும் அந்த புகையை மூச்சுல வாங்குனோம். இப்ப எத்தனாலுக்கு கரும்பு, அரிசி, மக்காச்சோளம்னு ஓடறாங்க. 2018 உயிரி எரிபொருள் கொள்கையிலயே மரவள்ளியும் இருக்கு. சேலத்து சேகோ ஃபேக்டரில மலை மலையா குவியற திப்பில (மரவள்ளியை அரைச்சு மாவு எடுத்த சக்கை) மாவுச்சத்து பாக்கி கெடக்கு, அதை கட்டுபடியாகற விலைல சாராயமாக்க நம்ம காலேஜ் லேப்களுக்கு உருப்படியா பணம் குடுத்தா என்ன? ரிப்பன் வெட்டற செலவுல பாதி போதும்.

தம்பி, ரீமேப்புக்கு (ஈசியூ செட்டிங்கை மாத்தறதுக்கு) காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஓபிடி டாங்கிள் (இன்ஜின் நம்பரையெல்லாம் போன்ல காட்ட வெக்கற சின்ன கருவி) வாங்கி மாட்டுங்க. அடிவாரத்துலருந்து ஏர்றப்ப பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சு டைமிங் நம்பரை மட்டும் (உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னாடி ஸ்பார்க் அடிக்குதுங்கற நம்பர்) பாக்கச் சொல்லுங்க. சமவெளில சும்மா போறப்ப 30, 35னு காட்டும், வளைவுல முழுசா மிதிச்சா ஒத்த இலக்கத்துக்கு இறங்கிடும், சில சமயம் பூஜ்யம் கூட. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில தான் எத்தனாலுக்கு வேலை இருக்கு.