மின்கலம்: நெல்லளவையும் மடிக்கணினியும்

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஒருவர் மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோய், "சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது" என்றால், "பேட்டரி வீக்" என்று பதில் வரும். அவர் வீட்டுப் பிள்ளையின் அறிவியல் பாடநூலோ மின்கலம், மின்கல அடுக்கு என்று இரண்டு சொற்களைத் தருகிறது. இவற்றுள் பேட்டரிக்கு நேரான சொல் எது என்பதைப் பார்க்க, முதலில் பேட்டரி வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

அடித்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு மொழியில் கோட்டையைத் தகர்க்க நிறுத்திய பீரங்கி வரிசையைக் குறித்த சொல் அது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின், ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை ஒன்றாக இணைத்து மின்சாரத்தைத் தேக்கியபோது, அந்தத் தொகுப்பை 1749ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் மின் பேட்டரி என்று குறிப்பிட்டார். ஆக, பேட்டரி என்பது தனிப்பொருளின் பெயரன்று, தொகுதியின் பெயர். 1800இல் இத்தாலியரான வோல்ட்டா துத்தநாக வில்லையையும் வெள்ளி அல்லது செம்பு வில்லையையும் உப்புநீரில் நனைத்த துணியோடு மாற்றி மாற்றி அடுக்கி, இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றார். அவருடைய கருவிக்கு வழங்கிய பெயரின் பொருளே அடுக்கு என்பதுதான். எனவே மின்கல அடுக்கு என்ற நம் பாடநூற் சொல், பிராங்க்ளினின் பீரங்கி வரிசையைவிட வோல்ட்டாவின் கருவிக்கே நெருங்கியது.

இந்த வேறுபாட்டை ஊர்ப்புறப் பேச்சு எப்போதோ அறிந்திருந்தது. இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் கையிலிருந்த கைவிளக்கை மூணு கட்டை பேட்டரி லைட்டு என்றார்கள். ஒவ்வொரு கட்டையும் ஒரு மின்கலம், உள்ளே வரிசையாக நிற்கும் மூன்றும் சேர்ந்தது அடுக்கு. மடிக்கணினியின் அடிப்பாகத்தில் 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், அதுவும் 3.7 வோல்ட் வீதம் மூன்று கட்டை தொடராக நிற்கும் கணக்குத்தான்.

கலம் என்பதுதான் இதில் சுவையான பகுதி. மண்பாண்டம், மரக்கலம், அணிகலம் என்று கொள்வதும் தாங்குவதுமான பலவற்றுக்கும் பெயரான இச்சொல், காவிரிப் படுகையில் நெல்லளவையாகவும் நின்றது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது தஞ்சை வட்டாரத்துப் பழைய கணக்கு. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால் அளந்து நெல்லைக் கலக் கணக்கில் குறிக்கின்றன. மரக்காலுக்குப் பெயர் சூட்டிக் கல்லில் வெட்டியதற்குக் காரணம், அளவை மாறினால் எண்ணிக்கைக்குப் பொருளில்லாமல் போகும் என்பதே.

மடிக்கணினித் திரையில் காணும் 100 சதவீதத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. அது வாங்கிய நாளின் கொள்ளளவில் நூறன்று, இன்றைய கொள்ளளவில் நூறு. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவு ஒரு வரியிலும் இப்போது முழுதாக ஏறும் அளவு இன்னொரு வரியிலும் இருக்கும். முன்னது 50 வாட்-மணி, பின்னது 37.5 என்றால், கலம் முக்கால் கலமாகிவிட்டது என்று பொருள். சராசரியாக 10 வாட் செலவழிக்கும் கணினி அன்று ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும், இன்று மூன்றே முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும், இரண்டு நாளும் திரை 100 என்றுதான் தொடங்கியிருக்கும். இந்தச் சுருக்கத்தை விரைவாக்குபவை வெப்பமும், முழு மின்னேற்றத்திலேயே நெடுநாள் கிடப்பதும். மின்னேற்றியைக் கழற்றாமலே வேலை செய்பவர்களுக்காகப் பல கணினிகளில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. சித்திரை வெயிலில் மெத்தைமேல் வைத்து, காற்றுத் துளைகளை அடைத்து இயக்குவதைத் தவிர்த்தாலே பாதிக் கேடு குறையும்.

இனி, கணினியில் மின்செலவைக் குறைக்கும் பேட்டரி சேவர் வசதிக்குச் சொல்லும் மின்சேமிப்பு என்ற சொல். இதில் எனக்கு உடன்பாடில்லை. சேமிப்பு என்றால் தேக்கி வைத்தல். அதை மின்கலம் தானே செய்கிறது. திரையின் ஒளியைக் குறைப்பதும், தேவையற்ற செயலிகளை மூடுவதும் செலவை இறுக்கிப் பிடிக்கும் செயல்கள், அவற்றுக்குச் சிக்கென என்பதோடு உறவுடைய சிக்கனமே பொருந்தும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், பல ஊர்களில் நாள்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது, ஜெனரேட்டர் உள்ள இடத்தில் வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டது சேமிப்பு, அதை மறுநாள் வரைக்கும் இழுத்துப் பறித்து வைத்துக்கொண்டது சிக்கனம். பேட்டரிக்குச் சேமக்கலம் என்று பெயரிடலாமே என்றும் தோன்றலாம். ஆனால் அது சேகண்டிக்கு ஏற்கெனவே உள்ள பெயர். அடித்தலில் பிறந்த பேட்டரிக்கு, அடித்து ஒலிக்கும் சேகண்டியின் பெயரே தற்செயலாக வந்து வாய்ப்பது வேடிக்கைதான், என்றாலும் குழப்பம் வேண்டாம்.

கணினியை மூடாமல் ஓய்வில் வைக்கும் இரு நிலைகளுக்கும் நல்ல சொற்கள் நம்மிடம் உண்டு. ஸ்லீப் என்னும் முதல் நிலையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் சொட்டிக்கொண்டே இருக்கும், தொட்டதும் விழிக்கும். திருவரங்கத்துப் பெருமாள் கொண்டிருப்பதாகச் சொல்லும் அறிதுயில் என்ற பெயர் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஹைபர்னேட் என்னும் இரண்டாம் நிலையில் நினைவகத்தில் இருப்பது வட்டுக்கு எழுதப்பட்டு, மின்சாரம் ஏறக்குறைய முற்றும் நிற்கும். அதை ஆழ்துயில் எனலாம். அரைமணி நேர இடைவெளிக்கு அறிதுயில் போதும், பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று அறிவித்த நாளில் ஆழ்துயிலே ஏற்றது.

நுணுக்கமான எழுத்தில் தனியொன்றை மின்கலம் என்றும் தொகுதியை மின்கல அடுக்கு என்றும் பிரித்து எழுத வேண்டும். அன்றாட எழுத்தில் இரண்டுக்கும் மின்கலம் என்றே எழுதினாலும் பிழையில்லை. சார்ஜுக்கு மின்னேற்றம் என்பது புதிதாகப் பழக வேண்டிய சொல்லும் அன்று. "சார்ஜ் ஏத்து" என்று பேசும்போதே அதில் பாதி வாயில் இருக்கிறது.