அம்மா பெயரில் கடைசியாக ஒரு வருமான வரிக் கணக்கு

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் அம்மாவின் மஞ்சள் பையைப் பிரித்தேன். ரேஷன் கார்டு, இரண்டு பாஸ்புக், மடிப்பில் கிழியத் தொடங்கிய ஃபிக்சட் டெபாசிட் ரசீது, அதற்குள் செருகியிருந்த பான் கார்டு. "அம்மா நம்ம கூடத்தானக்கா இருந்துச்சு, அதுக்கு என்ன வரி?" என்றான் தம்பி.

பெற்றவர்கள் நம் பராமரிப்பில் இருந்தால் நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் யார் வீட்டில் இருந்தார், யார் சோறு போட்டார் என்றெல்லாம் வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. டெபாசிட்டும் ஓய்வூதியமும் யார் பெயரில் இருந்தனவோ, வருமானம் அவருடையது. ஒருவர் இறந்தால், அந்த நிதியாண்டில் ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை வந்தது அவர் கணக்கு. அந்தக் கணக்கை முடித்துவைக்க வேண்டியவர் வாரிசு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இறந்த மறுநாளிலிருந்து வரும் வட்டியும் வாடகையும் வாரிசுகளின் வருமானம்.

அம்மா இறந்தது 2025 ஆகஸ்ட் 14. அது 2025-26 நிதியாண்டு என்பதால் பழைய 1961 சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுகளுக்குப் புதிய சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும்.

நாலரை மாதம்தான் இருந்தார் என்பதற்காக வரிவிலக்கு வரம்பை நாலரை மாதத்துக்கு வெட்டுவதில்லை. முழு ஆண்டு வரம்பும் கிடைக்கும். வரி கணக்கிட நாம் தேர்ந்தெடுக்க இரண்டு முறைகள் உண்டு. 2025-26-க்குப் புதிய முறையில் 4 லட்சம். பழைய முறையில் 60 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம், 80 ஆனவர்களுக்கு 5 லட்சம்.

எங்கள் கணக்கையே காட்டுகிறேன். அப்பா ஆசிரியராக இருந்தவர் என்பதால் அம்மாவுக்கு மாதம் 18,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம். நாலரை மாதத்துக்கு ஏறக்குறைய 80,000. குடும்ப ஓய்வூதியத்துக்குச் சம்பளக்காரர்களுக்கான 75,000 கழிவு கிடையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அதைத்தான் கழிக்கலாம் (பழைய முறையில் 15,000). அப்புறம் 16 லட்சம் டெபாசிட், ஏழரை சதவீத வட்டி. காலாண்டுக்கு 30,000. எல்லாம் சேர்த்தாலும் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. வரி ஒரு ரூபாய்கூட இல்லை, ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடும் கட்டாயமும் இல்லை.

பிறகு ஏன் போட்டோம்? மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். (வட்டியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கும். வரி வராது என்று 15ஹெச் படிவம் கொடுத்திருந்தால் பிடிக்காது. ஏப்ரலில் அம்மா மருத்துவமனையில். 15ஹெச் யார் நினைவிலும் இல்லை. ஜூன் காலாண்டில் 3,000 பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தவிர வேறு வழியில்லை. அம்மா பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணம், அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு நவம்பரில்தான் போனோம். அதற்குள் செப்டம்பர் காலாண்டு வட்டியும் அம்மாவின் பான் எண்ணிலேயே பதிவாகி, இன்னொரு 3,000 பிடித்தமாகியிருந்தது. அந்த வட்டியில் ஆகஸ்ட் 14 வரை சேர்ந்ததுதான் அம்மாவுடையது. மீதி எங்களுடையது, ஆனால் ஆவணம் வேறு சொல்கிறது. அதைச் சரிசெய்ய வங்கியில் எழுதிக் கொடுத்து நாலு தடவை அலைந்தோம். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே வங்கிக்குப் போய்விடுங்கள். ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் கருவூலத்துக்கும் சொல்லிவிடுங்கள். இறந்த பிறகு கணக்கில் ஏறும் ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதை எடுத்துச் செலவழிக்க வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் நம் பக்கத்தில் பலர் குழம்புகிறார்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. நாங்கள் மேலூர்க்காரர்கள், அம்மா இறந்தது மதுரையில் மருத்துவமனையில். எனவே பதிவு மதுரை மாநகராட்சியில். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் நாம்தான் தெரிவிக்க வேண்டும். வாரிசு சான்றிதழுக்கோ, அவர் குடியிருந்த ஊரின் தாலுகாவில், எங்களுக்கு மேலூரில், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்துதான் கைக்கு வரும்.

மருத்துவமனையில் விவரம் எழுதிக் கொடுக்கும்போது பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பான் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இனிஷியல் ஒன்றில் முன்னும் இன்னொன்றில் பின்னும் இருந்தாலே பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேள்வி வரும்.

ரிட்டர்ன் போட அம்மாவின் பாஸ்வேர்டு தேவையில்லை. வருமான வரி இணையதளத்தில் வாரிசு தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசு என்று பதிந்துகொள்ள வேண்டும். இறந்தவரின் பான், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம், இவற்றை ஏற்றினால் துறை பார்த்து ஒப்புதல் தரும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஆதாரமாக வாரிசு சான்றிதழ்தான் வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த உயில், குடும்ப ஓய்வூதியச் சான்று, நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் என்று வங்கி முத்திரையோடு தரும் கடிதம், இவையும் செல்லும். தாலுகா ஆபீஸில் இழுத்தடித்தால் வங்கிக் கடிதத்தை வைத்து வேலையைத் தொடங்கிவிடலாம். பிள்ளைகளில் ஒருவர் பதிந்தால் போதும், மற்றவர்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம், வட்டி மட்டும் உள்ளவர்களுக்கு, நிதியாண்டு முடிந்து வரும் ஜூலை 31 கடைசி நாள். விட்டுவிட்டால் டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் இல்லை.

இனி நம் சொந்த ரிட்டர்ன். இங்கேதான் பலர் வரவேண்டியதை விடுகிறார்கள். நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், அந்த ஆண்டில் பெற்றவருக்காகச் செலவழித்ததற்கு அவர் இறந்த பிறகும் கழிவு உண்டு. மூத்த குடிமகனான பெற்றவருக்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டியிருந்தால் 1961 சட்டத்தின் 80டி பிரிவில் 50,000 வரை. காப்பீடே இல்லையென்றால் மருத்துவச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணம் சேராது. கார்டிலோ யு.பி.ஐ.-யிலோ கட்டியிருக்க வேண்டும். புற்றுநோய், டயாலிசிஸ் வரை போன சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய் போன்றவற்றுக்கு 80டிடிபி பிரிவில் மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை. அதற்கு சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும், காப்பீட்டில் வந்த தொகையைக் கழிக்க வேண்டும். புதிய முறையில் இவை எதுவும் கிடையாது. ஈமச் சடங்குச் செலவுக்கு எந்த முறையிலும் கழிவில்லை.

சொத்து நம் பெயருக்கு வருவதற்கு வருமான வரி இல்லை. வாரிசுச் சொத்துக்கான எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் இடத்தையோ நகையையோ விற்றால் மூலதன ஆதாய வரி வரும். அப்போது அம்மா வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் நமக்குச் சேரும். அதனால் பழைய பத்திரம், நகை ரசீது எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

அவருக்கு வரி பாக்கி இருந்தால்? அவரிடமிருந்து நமக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் நம் பொறுப்பு. ஆனால் பாக்கி இருக்கும்போதே சொத்தை விற்றுவிட்டால், விற்றதன் மதிப்புக்கு நாமே பதில் சொல்ல வேண்டிவரும். இறந்தவர் பெயரிலேயே நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம். அப்படி அனுப்பியது செல்லாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இறப்புச் சான்றிதழோடு பதில் போட்டுவிடுங்கள்.

ரீஃபண்ட் வந்து சேரும் வரை இறந்தவரோடு சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்கை மூடாதீர்கள், பான் எண்ணையும் ஒப்படைக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, பான் எண்ணை ரத்து செய்யக் கேட்டு ஒரு கடிதமும் இறப்புச் சான்றிதழ் நகலும் வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்குக் கொடுக்கலாம். மதுரையில் வருமான வரி அலுவலகம் பீ.பீ.குளத்தில் இருக்கிறது. கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.