சோலை எங்கே முடிகிறது?

நாளிதழ்களில் 'ஷோலா காடுகள்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது நம்முடைய 'சோலை'. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், வேற்று ஒலியோடு நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

பொது வழக்கில் மரங்கள் செறிந்து நிழல் தரும் இடமெல்லாம் சோலைதான்: மாஞ்சோலை, பூஞ்சோலை, பழமுதிர்சோலை. சூழலியலில் அதன் பொருள் குறுகியது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில், ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் ஒடுங்கி வளரும் பசுமைமாறாக் காடு அது. மரங்கள் குட்டையானவை, கிளையெங்கும் பாசியும் ஆர்க்கிட்டும் அப்பியிருக்கும். மடிப்பை விட்டு மேலேறினால், சில அடிகளிலேயே காடு அற்றுப்போய்ப் புல்வெளி விரிந்துவிடும்.

இவ்வளவு கூரான எல்லைக்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். குளிர்கால இரவில் திறந்தவெளி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. அங்கே முளைத்த மரக்கன்று விடிவதற்குள் கருகிவிடும். புல்லின் வளர்மொட்டு மண்ணை ஒட்டி இருப்பதால், நுனி கருகினாலும், தீயே பட்டாலும் மீண்டும் துளிர்க்கும். சோலைக்குள்ளோ இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, கன்று பிழைத்துக்கொள்கிறது.

மனிதர் மரங்களை வெட்டியதால்தான் புல்வெளி வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கிய மண் வேறு கதை சொல்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கையை வெவ்வேறு வழியில் செய்வதால், அவை மண்ணில் விட்டுச்செல்லும் கார்பன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகளின்) விகிதமும் வேறுபடும். அந்தத் தடயத்தின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது.

ஆனாலும் புல்வெளியைத் தரிசு என்று கருதி, அதில் சீகையையும் (சீகைக்காய் அல்ல, 'வாட்டில்' எனப்படும் அயல் மரம்) தைலமரத்தையும் நட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையில் காட்டுக்கு வேண்டியது 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் இலைக்கூரை. அந்தத் தோட்டங்களும் இதில் தேறிவிடும். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் புல்வெளியில். அந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

சீகை பரவிய சரிவுகளில் இன்று மடிப்பும் மேடும் ஒரே பச்சை. சோலை முடிந்த இடத்தைக் காட்ட அங்கே புல் இல்லை.