கந்தசஷ்டி முடிந்து நிறை பார்க்க வருபவர்களுக்கு

கந்தசஷ்டி விரதம் முடிந்த கிழமை எங்கள் கிளினிக்கில் தராசடியில்தான் கூட்டம். ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தவர்கள், மூன்று கிலோ குறைந்துவிட்டதென்று பூரிப்போடு இறங்குவார்கள். அடுத்த மாதம் அவர்களே, "எல்லாம் திரும்பவும் ஏறிவிட்டது, டொக்டர்" என்று முகம் வாடி நிற்பார்கள்.

இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர், ஏறியதும் அதுவே. ஈரலும் தசையும் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறும் புட்டும் நின்றதும் அந்தச் சேமிப்புக் கரைந்து, தண்ணீரும் வெளியேறிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு. முழுப் பட்டினி கிடந்தாலும் ஒரு கிழமையில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைப்பது பெரும்பாலோருக்கு நடவாத காரியம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பத்து நாளில் ஐந்து கிலோ' அட்டவணைகளின் வித்தையும் இவ்வளவுதான்.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடுமுன் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். நாலு கிழமைக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். 80 கிலோ உள்ளவர் நாலு கிலோ குறைத்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும்.

போரில் கால் இழந்தவர்கள் வன்னியில் பலர். செயற்கைக் காலோடு ஒரு மாதமும், கழற்றிவிட்டு மறு மாதமும் தராசில் ஏறினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. உயரத்தோடு நிறையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கும் இவர்களுக்குக் குறைத்தே காட்டும். இவர்களுக்கு நான் நம்புவது அளவு நாடாவைத்தான்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. இது இரண்டு காலும் உள்ளவர்களுக்கும் பொருந்தும். நிறை குறையக் குறைய, மீதிக் கால் பொருந்தும் செயற்கைக் காலின் குழி தளரும். துணி திணித்துச் சமாளிக்காதீர்கள். நீரிழிவுக்காரருக்கு அந்த உராய்வுப் புண் இலேசில் ஆறாது. குழியைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

உணவுத் திட்டம் எதைக் கொண்டுவந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அரிவி வெட்டு நாளிலும் இதையே சாப்பிடுவீர்களா? ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் எழுதிய பட்டியல் பரந்தன் சந்தையோடு ஒத்துப்போகாது. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். நீத்துப்பெட்டி நிறைய அவித்தால் அதுவும் மாச்சத்துத்தான். தட்டில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ இருந்தால் போதும். சோற்றை அளந்து போடும் பலர் தேநீரைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு தேக்கரண்டி சீனியோடு ஐந்து தேநீர் என்றால் 160 கலோரி அதிலேயே போய்விடுகிறது.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர்கள் தாமாகவே சோற்றை நிறுத்தவோ விரதம் இருக்கவோ கூடாது. சீனி சடுதியாக இறங்கி மயங்கி விழலாம். தொடங்குமுன் மருந்துக் கொப்பியோடு வாருங்கள். அளவை மாற்றித் தருவோம்.

முயற்சியே இல்லாமல் நிறை குறைகிறவர்களும் வருகிறார்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு. கட்டுப்படாத நீரிழிவு, தைரொயிட், காசநோய், புற்றுநோய் என்று தேட வேண்டிய பட்டியல் நீளமானது. அதோடு இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள்.