இணையத்தில் பெண்ணுக்கு உள்ள உரிமை: சீடா உடன்படிக்கை தருவது என்ன?

வீட்டில் போன் இருக்கிறது, டேட்டாவும் இருக்கிறது. ஆனால் போன் கணவர் சட்டைப் பையில். மனைவி ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் போகும். அவரை அழைத்து எண்ணைக் கேட்டு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். கணக்கெடுப்பிலோ இது 'இணைய வசதி உள்ள வீடு'.

2024-இல் உலக ஆண்களில் 70 சதவீதமும் பெண்களில் 65 சதவீதமும் இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. இடைவெளி சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் மூன்று மாதத்தில் ஒருமுறை பயன்படுத்தியிருந்தாலே இந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். போன் யாருடையது, யார் முன்னிலையில் பார்த்தார் என்பதெல்லாம் அதில் வராது.

சரி, இதில் பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது? பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான சீடா உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979-இல் ஏற்றது. 1981 முதல் நடைமுறையில் உள்ளது. 189 நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. இணையம் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் கிராமப்புறப் பெண்களைப் பற்றிய 14-ஆம் பிரிவு, வீடு, கழிப்பிடம், மின்சாரம், தண்ணீர், போக்குவரத்தோடு தகவல்தொடர்பையும் சேர்த்தே சொல்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு இருக்கும் அதே இடம் இதற்கும் உண்டு. இணையமும் தகவல் தொழில்நுட்பமும் இதில் அடங்கும் என்பதை 2016-இல், உடன்படிக்கையை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் சீடா குழு தன் 34-ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவாக்கியது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2-ஆம் பிரிவு. தனிமனிதரோ, அமைப்போ, நிறுவனமோ பெண்ணிடம் பாகுபாடு காட்டினாலும் அதை நீக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. 'பொம்பளைக்கு எதுக்கு போன்' என்பது வீட்டு விவகாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அரசு ஒதுங்க முடியாது.

அடுத்தது காசு. தொடக்கநிலை இணையச் சேவையின் விலை, தலைக்குரிய மாதச் சராசரி தேசிய வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-இல் இலக்கு வைத்தது. இது சட்டமல்ல, அரசுகளுக்கான அளவுகோல். இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சராசரி வருமானம் 100 என்றால் விலை 2, இலக்கு எட்டியாயிற்று. வீட்டு வேலை செய்து 20 சம்பாதிக்கும் பெண்ணுக்கு அதே 2 என்பது வருமானத்தில் பத்து சதவீதம். சொந்த வருமானமே இல்லாத பெண்ணுக்கு எந்தச் சதவீதமும் பொருந்தாது. அவர் யாரிடமாவது கேட்டுத்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டும். எனவே உங்கள் அரசு '2 சதவீதம் எட்டிவிட்டோம்' என்று சொன்னால், ஏழைப் பெண்களின் வருமானத்தை வைத்து தனிக்கணக்கு கேளுங்கள்.

எங்கே கேட்பது? உறுப்பு நாடுகள் குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சீடா குழுவிடம் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அப்போது பெண்கள் அமைப்புகளும் தங்கள் தரப்பைத் தனி அறிக்கையாக அனுப்பலாம். ஓடிபி-க்காகக் காத்திருந்த கதையெல்லாம் அதில்தான் போக வேண்டும். அப்புறம், 1999-இன் விருப்ப நெறிமுறையை (நாடுகள் விரும்பினால் சேரக்கூடிய, சீடாவின் துணை ஒப்பந்தம்) ஏற்ற நாடு என்றால், உள்நாட்டு வழிகளை முயன்று தீர்த்த பிறகு தனிப்பட்ட பெண்ணே குழுவிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளும் இதில் சேரவில்லை.